அமிர்தவள்ளி தின்ற கீரை

சட்டி நிறைய முருங்கைக்கீரை. நாலு நாளாக வேளை தவறாமல் அதையே தின்றுகொண்டிருந்தாள் அமிர்தவள்ளி. ஆசைப்பட்டா? அவளுக்குக் கீரை என்றாலே ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொள்ளாத குறையாக விழுங்கினாள். திங்கட்கிழமை வேலூர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை. அதில் அவள் பெயிலாக வேண்டும்.

ஐம்பத்தேழு வயது. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் இடது ஷூவுக்கு வலது ஷூவை ஜோடி சேர்த்தவள். நிறமும் தையலும் அச்சாகப் பொருந்தினால்தான் டப்பாவுக்குள் போடுவாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மகள் பூர்ணிமா ஓசூரில். தீபாவளிக்கு வருவாள், மறுநாளே கிளம்பிவிடுவாள். மூன்று வருஷத்துக்கு முன் மூச்சு முட்டி வேலை நின்றது. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே வால்வு சுருங்கிப்போயிருந்தது. நெஞ்சைத் திறந்து, அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அது டிக் டிக் என்கிறது. பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்தால் நமக்கே கேட்கும். உட்காரத்தான் ஆளில்லை.

அன்றிலிருந்து அவள் பாதி டாக்டர். "நரம்பு கிடைக்கலன்னு கையில நாலு வாட்டி குத்திட்டாங்க" என்று தெருவில் யாராவது சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. "நரம்புல இன்னாத்த ரத்தம் ஓடுது? அது சிரை. நெஞ்சுக்குத் திரும்பி வர்றது சிரை, நெஞ்சுலருந்து போறது தமனி." ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கும் இதயப் படத்தில் இடது அறை நமக்கு வலப்பக்கம் தெரியும். படித்தவர்களே முழிப்பார்கள். அவள் முழிக்கவில்லை. "எதுர்ல நிக்கிறவன் ஷூ மாதிரி. அவனுக்கு எடது, நமக்கு சோத்தாங்கைப் பக்கம்." இதயத்துக்கு நாலு அறை என்று டாக்டர் சொன்னபோது மட்டும் சிரித்துவிட்டாளாம். "நானே ஒரு ரூம்ல கீறேன். அதுக்கு நாலு ரூம் இன்னாத்துக்கு?"

உலோக வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். கட்டாமலிருக்கத் தினம் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதற்கு ஐ.என்.ஆர். என்று ஓர் எண். அவளுக்கு இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள் இருந்தால் "ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்பார்கள். குறைந்தால் ஆபத்து; "அடுத்த வாரமே வாங்க". கீரையை அளவில்லாமல் தின்றால் அந்த எண் குறையும். புரிகிறதா இந்தக் கிராதகி செய்கிற வேலை?

எல்லாம் ரத்தம் எடுக்கிற ஹுமேராவுக்காக. முழங்கையை நீவி, "நல்லா தூங்கினீங்களாம்மா? பொண்ணு பேசுச்சா?" என்று கேட்பாள். மொத்தம் இரண்டு நிமிஷம். பாவி மனுஷி, அந்த இரண்டு நிமிஷத்துக்கு உயிரைப் பணயம் வைத்து, பஸ் பிடித்துப் போய்க்கொண்டிருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமைதான் பிடிபட்டாள். எண் ஒன்று புள்ளி ஆறு. மாத்திரையை ஏற்கெனவே இரண்டு முறை கூட்டியாகிவிட்டது. ரிசல்ட் சீட்டை நீட்டிய ஹுமேராவின் கண் அவள் நகக்கண்ணில் ஒட்டியிருந்த பச்சையில் நின்றது.

"இன்னாம்மா இது?"

"முருங்கக்கீர, பாப்பா."

"எவ்ளோ சாப்ட்டீங்க?"

"கொஞ்சம் ஜாஸ்திதான்."

"வேணும்னேவா?"

அமிர்தவள்ளி தரையைப் பார்த்தாள். "மாசத்துக்கு ஒரு வாட்டின்னா ரொம்ப நாளா கீதும்மா."

ஹுமேராவுக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் கண்ணும் கலங்கியது, கோபமும் வந்தது. "ரத்தக்கட்டி வால்வை அடைச்சா நெஞ்சு அப்டியே நின்னுடும். மூளைக்குப் போச்சுன்னா கை கால் வுழுந்துடும். தெரியுமில்ல? இன்னொரு வாட்டி இப்டி பண்ணீங்கன்னா உங்க கைய நான் தொடமாட்டேன். வேற ஆள்கிட்ட போங்க."

சாவுக்குப் பயப்படாதவள் இதற்குப் பயந்தாள். நடந்ததை டாக்டரிடம் சொன்னதும் அவர் மாத்திரையைப் பழைய அளவுக்கே இறக்கினார். மூன்றாவது வாரம் எண் இரண்டு புள்ளி ஒன்பது. "சூப்பர்மா! இனி அடுத்த மாசம் வந்தா போதும்" என்று ஹுமேரா கைதட்டினாள். இவளும் சிரித்துவைத்தாள். பஸ்ஸில் வரும்போது அழுதாள்.

பத்து நாள் தாக்குப்பிடித்தாள். பதினோராம் நாள் கொல்லை முருங்கையில் ஒரு கிளையை ஒடித்து, முறத்தோடு உட்கார்ந்தாள். இரண்டு இணுக்கு உருவினாள். கை நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு மஹபூப் பாஷாவின் ஆடு வாசனைக்கு வந்து கழுத்தை நீட்டியது. முறத்தில் கிடந்ததைக் காட்டினாள். ஒரே வாயில் தின்றுவிட்டு அது போகத் திரும்பியது.

"ஏய், நில்லு. எனக்கு ரெண்டு புள்ளி ஒம்போது, தெரியுமா?"

ஆடு திரும்பிப் பார்த்தது. அமிர்தவள்ளி கிளையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, ஒரே ஓர் இலையை மட்டும் கிள்ளி நீட்டினாள்.