ஓக்-ஜு துடைத்த இருக்கைகள்

மேங் ஓக்-ஜு இதுவரை ஒரு கணினி விளையாட்டும் ஆடியதில்லை. திரையில் யார் யாரைச் சுடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனாலும் கொரியாவின் குமி நகரில் எங்கள் பிசி பாங்குக்கு, அதாவது மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் கணினி விளையாட்டுக் கடைக்கு, வருகிறவர்கள், எத்தனை இருக்கை காலியாக இருந்தாலும், கவுன்ட்டரில் இருக்கும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: “சித்தி தொடச்ச சீட்டு எது?”

சித்தி என்றால் ஓக்-ஜு. வயது நாற்பத்தேழு. சமையலறைக்குள்ளேயும் ஊதா நிற வெயில் தொப்பியைக் கழற்றமாட்டார். ராம்யோன் நூடுல்ஸ் கொதிக்கிற நேரத்தில் ஒரு வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு நிற்பார். யார் பெயரையும் நினைவில் வைப்பதில்லை. “பதினெட்டு, முட்டை கலக்காதது!” “ஆறு, சீஸ் ரெண்டு!” என்று இருக்கை எண்ணையும் வயிற்றையும் சேர்த்துத்தான் ஆளைக் கூப்பிடுவார்.

இங்கே வருவதற்கு முன் பத்தொன்பது வருடம், திரை செய்கிற ஒரு தொழிற்சாலையில் சோதனை வரிசையில் நின்றவர். ஒரு திரைக்கு ஏழு நொடி. அதற்குள் புள்ளி செத்திருக்கிறதா, ஓரம் மங்குகிறதா, நகர்கிற கோடு விக்குகிறதா என்று பார்த்துத் தள்ளிவிட வேண்டும். அந்த வரிசை வேறு நாட்டுக்குப் போனதும் இவர் எங்கள் அடுப்புக்கு வந்தார். கண் மட்டும் இன்னும் அந்த வேலையை விடவில்லை.

எங்கள் முதலாளி தாக் குவாங்-சிக் வசந்த காலத்தில் இருபது இருக்கைகளுக்குப் புதுத் திரை வாங்கிப் போட்டார். நொடிக்கு இருநூற்று நாற்பது தடவை படம் மாறும் திரை. எதிரி மூலையில் தலையை நீட்டும்போது, பழைய அறுபதுக்காரனுக்குத் தெரிவதற்கு ஒரு கண்சிமிட்டல் முன்னால் தெரிந்துவிடும். விளையாடுகிறவர்களுக்கு அந்தச் சிமிட்டல்தான் எல்லாம். மாடிப்படி முழுக்க ‘240’ என்று பதாகை தொங்கியது.

முதல் நாளே ஓக்-ஜு தட்டோடு வந்தவர், ஒரு திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“மொதலாளி, இது அறுபது.”

“பெட்டியிலயே இருநூத்தி நாப்பதுன்னு போட்டிருக்கு, சித்தி.”

“பெட்டிய பாத்துக்கிட்டா வெளையாடப் போறாங்க?”

தாக் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நானும் சிரித்தேன்.

நான் கணினிப் பொறியியல் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள். லாரி ஓட்டும் அப்பா எல்லோரிடமும் “எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறா” என்று சொல்லிக்கொள்கிறார். பொய் என்று சொல்ல முடியாது. ஐந்து மாதமாக நாற்பது கணினிகளுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கடை காற்று வாங்கியது. ஓக்-ஜு காலி இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இடது கையில் துணி, வலது கையில் மவுஸ். மேசையைத் துடைத்த கையோடு திரை அமைப்பைத் திறந்து, பட்டியலில் அறுபதை எடுத்துவிட்டு இருநூற்று நாற்பதை வைத்தார். பிறகு மவுஸை வேகமாக வட்டமடித்தார். திரையில் அம்புக்குறியின் நிழல்கள் நெருக்கமாக விழுந்தன. தலையாட்டிவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார்.

“என்ன சித்தி பண்றீங்க?”

“தெரியலயா? தொடைக்கிறேன்.”

“இல்ல, அந்த மவுஸ்ல?”

“அதுவும் தொடைக்கிறதுதான். ஆளு எந்திரிச்சுப் போனதும் இது மறுபடி அறுபதுக்குப் போயிடுது. சாப்பிட்ட கிண்ணம் அழுக்காகுற மாதிரி.”

“எத்தன நாளா?”

“திரை வந்ததுலருந்து. பதினெட்டு சொல்லிக் குடுத்தான்.”

எனக்குக் காது சூடேறியது. எங்கள் கணினி எதிலும் தனி வட்டு கிடையாது. ஒவ்வொன்றும் விழிக்கும்போது, மூலை அறையில் உள்ள சர்வரிலிருந்து ஒரே மூலப்பிரதியை எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் எழுந்து போனதும் அவர் மாற்றியதெல்லாம் அழிந்துவிடும். மூலப்பிரதியில் கிராபிக்ஸ் டிரைவர் அறுபதிலேயே இருந்தது. பிசி பாங்கில் இது பாலபாடம். நான்கு வருடம் படித்த நான் அதைப் பார்க்கவே இல்லை. இந்த அம்மாள் இரண்டரை மாதமாக, ராம்யோனுக்கு நடுவே, ஒவ்வொரு இருக்கையாக, ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை அதைச் சரி செய்துகொண்டிருந்தார். சித்தியின் ‘ராசியான கை’ என்று எல்லோரும் சொன்னது இதைத்தான்.

“நான் சர்வர்லயே மாத்திட்டா இது ஒரேயடியா சரியாயிடும் சித்தி,” என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். காரணம் இருந்தது. அடுத்த மாதம் முதல் தொடுதிரையில் ஆர்டர், தானே வேகவைத்துப் பொரிக்கும் இயந்திரம் என்று தாக் முடிவு செய்திருந்தார். அதன்பிறகு சமையலறைக்கு ஆள் வேண்டாம். நான் மாலை நேரத்துக்கு மாறுவதால் பகல் கவுன்ட்டருக்கு ஒரு ஆள் வேண்டும். அதைத் தனக்குக் கொடுக்கச் சொல்லி ஓக்-ஜு கேட்டிருந்தார்.

“கவுன்ட்டருக்கு கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் வேணும் சித்தி,” என்று இழுத்த தாக், கடைசியில் சொன்னது: “சனிக்கிழமை ஃபேக்டரி கேம் கிளப்காரங்க வராங்க. அவங்க நம்ம சீட்டப் புடிச்சுப்போயி வாராவாரம் வரேன்னா, உங்க கை ராசின்னு நானும் ஒத்துக்கறேன். கவுன்ட்டர் உங்களுக்கு.”

சர்வரில் மாற்றிவிட்டால் எல்லா இருக்கையும் ஒன்றாகிவிடும். அப்புறம் இவர் கைக்கு என்ன ராசி? மாற்றாமல் விட்டாலோ, சனிக்கிழமை நடுவில் ஒரு கணினி மறுபடி விழித்தால் அறுபதுக்குப் போய்விடும். இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு மட்டும் தெரிந்த வேலை என்று இந்தக் கடையில் இது ஒன்றுதான் இருந்தது. அதைச் செய்தால் இவருக்குக் கேடு என்றால், நான் படித்த படிப்பு யாருக்காக? வியாழக்கிழமை அவரிடமே சொல்லிவிட்டேன்.

கையிலிருந்த வெள்ளரிக்காயால் என் நெற்றியில் ஒரு தட்டு தட்டினார்.

“ஏண்டி பட்டதாரி, ரெண்டு நாளா இத வயித்துல வச்சுக்கிட்டா திரியுற? என் மணிக்கட்டு வீங்கிக் கெடக்கு. போயி மாத்து!”

“கவுன்ட்டர் போயிட்டா?”

“போனா போகட்டும். தெரிஞ்சே வேலைய அரைகுறையா விட்டுட்டு அங்க உக்காந்தா எனக்கு சோறு எறங்காது.”

அன்றே சர்வரில் ஏறி, ஒவ்வொரு கணினியும் விழிக்கும்போதே தன் திரை தரக்கூடிய உச்ச வேகத்தை எடுத்துக்கொள்ளும்படி சிறு கட்டளை எழுதி வைத்தேன். கவுன்ட்டர் திரையில், கட்டளை வேலை செய்த புதுத் திரைக்கு ஒன்றாக, இருபது பச்சைப் புள்ளிகள் வரிசையாக எரிந்தன. பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் ஐந்து பேர் வந்தார்கள். தலைவர் நாம்குங் ஹ்யோக், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், நாலாம் இருக்கையில் உட்கார்ந்தார். முதல் ஆட்டம் தோல்வி. அதிகம் செத்தவர் தலைவர்தான்.

“அண்ணே, இன்னிக்கு ஃபோர்க்லிஃப்ட்ட வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்கலாம்,” என்று பக்கத்து இருக்கை கிண்டலடித்தது.

“வாய மூடுறா. எனக்கு மட்டும் ஏதோ இழுக்குது.” ஹெட்போனைக் கழற்றினார். “எதிர்க் கடைக்கே போயிருக்கலாம்.”

தாக்கின் முகம் தொங்கிப்போனது. நான் பச்சைப் புள்ளிகளைக் காட்டினேன். “எல்லாமே உச்சத்துலதான் ஓடுது, மொதலாளி.”

அப்போது ராம்யோன் தட்டோடு வந்த ஓக்-ஜு, நாம்குங்கின் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

“நாலு சோம்பேறி.”

“நானா?” என்றார் நாம்குங்.

“உன்னச் சொல்லல. திரையச் சொன்னேன். கைய எடு.” மவுஸை வட்டமடித்தார். “பாரு, அஞ்சுல விழுற அம்புல பாதிதான் இங்க.”

ஓடிப்போய் அமைப்பைத் திறந்தேன். நூற்று இருபது. பட்டியலில் அதற்கு மேல் எண்ணே இல்லை. கட்டளை சொன்னதைத்தான் செய்திருந்தது: கிடைத்த உச்சத்தை எடுத்துக்கொண்டது. இருநூற்று நாற்பது கிடைக்கிறதா என்று கேட்க நான் மறந்திருந்தேன். பச்சைப் புள்ளியும் என்னைப் போலவேதான்.

ஓக்-ஜு மேசைக்கடியில் குனிந்து தடவிப் பார்த்தார். “கேபிளு வேற. தடியா, பழசா இருக்கு.”

எல்லோரும் தாக்கைப் பார்த்தோம். அவர் கழுத்தைச் சொறிந்தார். “நேத்து நாலோட கேபிள் அறுந்துபோச்சு. டிராயர்ல ஒண்ணு கெடந்துச்சு... படம் வந்துச்சே, சித்தி.”

“வந்துச்சு. நொண்டிக்கிட்டு வந்துச்சு. புதுசு எங்க?”

புதுசு ஒன்றே ஒன்றுதான் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தாக் தனக்கென்று கவுன்ட்டரில் மாட்டிக்கொண்ட இருபத்தோராவது திரையில். அதிலிருந்து ஓக்-ஜு கேபிளை உருவியதும் என் பச்சைப் புள்ளிகள் இருபதும் ஒரே இருட்டில் மறைந்தன. நாலாம் இருக்கை மறுபடி விழித்தது. அவர் ஒரு வட்டமடித்தார், தலையாட்டினார், மேசையை ஒரு தடவை துடைத்தார்.

“உக்காரு. இப்ப தோத்தா அது உன் கையோட குத்தம்.”

இரண்டாவது ஆட்டத்திலும் தோற்றார்கள். ஆனால் நாம்குங் சிரித்துக்கொண்டே எழுந்தார். “இப்ப சாகுறப்ப யாரு சுட்டான்னாவது தெரியுது. மொதலாளி, சனிக்கிழமை சனிக்கிழமை இந்த அஞ்சு சீட்டும் எங்களுக்கு. ஆனா அந்தச் சித்தி இருக்கணும்.”

தாக் இருண்ட கவுன்ட்டர் திரையைப் பார்த்தார். “அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியிலருந்து இங்க உக்காருங்க, சித்தி.”

“திரையே இல்லாம எப்படி உக்காருறது? போயி ஒரு கேபிள் வாங்கிட்டு வாங்க.”

முதலாளி கேபிள் வாங்கப் படியிறங்கினார்.

இப்போது பகலில் கவுன்ட்டரில் ஊதா தொப்பி தெரிகிறது, மாலைக்கு நான். திரைகள் தாமாகவே இருநூற்று நாற்பதில் விழிக்கின்றன. இருநூற்று நாற்பது இல்லாவிட்டால் புள்ளி சிவப்பாக எரியும்படி கட்டளையில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ஆனாலும் வருகிறவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள், சித்தி துடைத்த இருக்கை எது என்று.

“இருவதும் நான் தொடச்சதுதான்,” என்கிறார் ஓக்-ஜு, வெள்ளரிக்காயைக் கடித்தபடி. சொல்லிவிட்டு, ஆள் உட்காருவதற்குள் எழுந்து போய் மவுஸை ஒரு வட்டமடித்துவிட்டு வருகிறார்.