பஸ்ஸில் கிடைத்த மாத்திரை அட்டை

சர்க்கரைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையால்தான் என் மனைவிக்குக் கால் வீங்கி, மூச்சு முட்டி, இதயம் நின்றது. "வயசானா அப்படித்தான்" என்று சொன்ன டாக்டரை நான் மன்னிப்பதாக இல்லை.

வழக்குப் போடலாம் என்கிறார் வக்கீல். "அந்த மாத்திரை அட்டை ஒண்ணு இருந்தா கொண்டாங்க சார்."

வீடு முழுக்கத் தேடினேன். கருமாதியன்று குப்பையோடு போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இன்று மதியம் அலங்காநல்லூர் பஸ்ஸில் என் மனைவியின் தங்கை செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள். அதே நீல அட்டை.

"ஏது இது?"

"அக்காவுதுதான் மச்சான். கருமாதியன்னைக்குக் குப்பையில போடப் போனாக. எனக்கும் அதே சுகர்தானே? இம்புட்டு மாத்திரைய வீணாக்கலாமா?"

அவள் காலைப் பார்த்தேன். செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது.

"வெயிலுக்கு வீங்குது மச்சான்."

என் மனைவியும் இதையேதான் சொன்னாள்.

அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, அவளை அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கி, வேறு டாக்டரிடம் கூட்டிப் போனேன். வக்கீல் கேட்ட ஆதாரம் கிடைத்துவிட்டது. சாட்சியும்கூட.

உங்கள் வீட்டில் செத்தவர்களின் மாத்திரையை இப்போது யார் சாப்பிடுகிறார்கள்? கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.