பதில் வராதவர்களுக்கான மெயில்

பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்காருபவளுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'மேனேஜர்'. நாலு பேரை மேய்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை காலை நடக்கப் போகும் பெண்களை அவள்தான் மேய்த்தாள். நடப்பது கொஞ்சம், காப்பி குடித்து வம்பளப்பது அதிகம். அதற்கும் மெயில் வரும்.

அவள் அதைப் புதிதாக எழுதுவதில்லை. நோயாளிகளுக்கு அனுப்பும் மாதிரி மெயிலில் பல் வரும் இடத்தில் நடையைப் போட்டிருந்தாள். மாத ஆரம்பத்தில் நினைவூட்டல் வரும். பதில் இல்லையென்றால் மறு மாதம் 'உங்களைக் காணவில்லை'. அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தது, 'உங்கள் இடத்தை வேறொருவருக்கு ஒதுக்கிவிட்டோம்.'

"நடக்குறதுக்கு என்னடி இடம், ரோடு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"ஒரு ஒழுங்கு வேணாமாக்கா?" என்பாள்.

அந்தக் கடைசி மெயில் தையற்கார அக்காவுக்குப் போய்விட்டது.

விவாகரத்தாகி ஒரே ஒரு பெட்டியோடு மேனேஜர் இந்தக் கட்டடத்துக்கு வந்தபோது, வீடு கிடைக்கும்வரை தன் தையல் அறையில் படுக்க இடம் கொடுத்தவள் அந்த அக்கா. இருவரும் கூடப் பிறக்காத குறைதான். அக்கா இரண்டு மாதமாக நடக்க வரவில்லை. துணி நிறைய வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். எங்களில் ஒருத்திக்காவது கதவைத் தட்டத் தோன்றியதா என்றால், இல்லை. மெயில்தான் போகிறதே என்ற மிதப்பு. இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மேனேஜர் கைப்பழக்கத்தில் அனுப்பியிருக்கிறாள். அக்காவிடமிருந்து 'சரி' என்று ஒற்றைச் சொல் பதில் வந்த பிறகுதான், தான் அனுப்பியதைப் படித்துப் பார்த்தாள். வெளிறிப்போய் என் வீட்டுக்கு வந்தாள்.

"கூட வாங்கக்கா. தனியா போகப் பயமா இருக்கு."

அக்கா கதவைத் திறந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். தலையில் துணி சுற்றியிருந்தது. அவளுக்குப் பின்னால் தையல் மெஷின் உறை போட்டுக் கிடந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"மார்புல கட்டி. எடுத்தாச்சு. இப்ப மருந்து ஏத்துறாங்க." தையல் கூலி சொல்வதுபோலச் சொன்னாள்.

"யாருக்கா கூட இருந்தா?"

"நர்ஸ் இருந்தாங்க."

மேனேஜர் அழ ஆரம்பித்தாள். "அது நான் எழுதினதில்லக்கா. ஆஸ்பத்திரி மெயிலு. பாக்காம அனுப்பிட்டேன்."

"தெரியும்மா. அதுல ஒண்ணும் கோபமில்ல." அக்கா கதவைப் பிடித்தபடியே நின்றாள். "பதில் போடலன்னா நீ என்னன்னு பாக்க வருவேன்னு நெனச்சேன். அதான் போடல. ரெண்டாவதுக்கும் அதான் போடல."

மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த தடவை மருந்து ஏத்துறப்ப நான் கூட வரேன்க்கா. எப்பன்னு மட்டும் சொல்லுங்க."

"அதையும் நான்தான் சொல்லணுமா?" என்றாள் அக்கா.