பேட்டரிக்காரர் மாற்றி வைத்த கருவி

அவருக்கு வீட்டில் ஒரு பெயர் உண்டு. தொழிற்பேட்டையில் அதைக் கேட்டவர் யாருமில்லை. அங்கே அவர் பேட்டரிக்காரர். நின்றுபோன இதயத்துக்கு மின்சாரம் கொடுத்து எழுப்புகிற கருவி இருக்கிறதே, சிவப்புப் பெட்டிக்குள் வைத்து வேலையிடங்களில் சுவரில் மாட்டியிருப்பார்களே, அதைப் பராமரிப்பதுதான் அவர் வேலை. பேட்டரி தீருமுன் மாற்றுவார். நெஞ்சில் ஒட்டும் பட்டைகளின் பசை காயுமுன் புதுசு போடுவார். கருவிக்கு வயசாகிவிட்டால் கழற்றிவிட்டு வேறு வைப்பார். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. "இருநூறு மெஷினோட கெடு தேதி மனப்பாடம். பொண்டாட்டி பொறந்த நாள் மட்டும் மறந்துடும்" என்பாள் மனைவி. அவள் சொல்வதில் பொய்யில்லை.

அவர் பையில் ஒரு பொம்மைக் கருவியும் இருக்கும், செய்துகாட்டுவதற்கு. அசலைப் போலவே பேசும், "ஷாக் கொடுக்கப்பட்டது" என்று அறிவிக்கும். ஆனால் பொட்டு மின்சாரம் வராது. அதன் முதுகில் 'பயிற்சிக்கு மட்டும்' என்று ஒரு நீலச் சீட்டு இருந்தது. அதைப் பார்த்தால் ஆட்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று மனுஷர் சுரண்டி எடுத்துவிட்டார். எவ்வளவு பெரிய புத்திசாலி பாருங்கள்!

அன்று காலை அட்டைப்பெட்டி ஃபாக்டரியில் வேலை. அசலுக்குப் புதுப் பட்டை போட்டுவிட்டு, பொம்மையை வைத்துச் செய்துகாட்டினார். அங்கே சூப்பர்வைசர் வாய் ஓயாதவர்.

"யோவ், நான் விழுந்தா உன் டப்பா என்னைத் தூக்கி நிறுத்துமா?"

"நீங்க விழ மாட்டீங்கண்ணே. உங்க பேச்சைக் கேட்டா எமனே ஓடிடுவான்."

எப்போதும், அசலில் மட்டுமே எரிகிற பச்சை விளக்கு மினுக்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியைச் சாத்துவார். அன்று சூப்பர்வைசர் டீக்குக் கையைப் பிடித்து இழுக்க, சிரித்துக்கொண்டே சாத்திவிட்டுப் போய்விட்டார்.

நாலு தெரு தள்ளி அச்சகத்தில் போய்ப் பையைத் திறந்தால், உள்ளே பச்சை விளக்கு மினுக்குகிறது. அசல் இங்கே, பொம்மை அங்கே. சூப்பர்வைசருக்கு மூன்று தடவை போன் அடித்தார், எடுக்கவில்லை. கேட்டில் காவல் இருக்கிற அம்மாளுக்கு அடித்தார்.

"சார்! சூப்பர்வைசர் விழுந்துட்டார் சார்! மூச்சுப் பேச்சே இல்ல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. நீங்க காட்டின மாதிரியே மெஷினை ஒட்டிட்டோம், ஷாக்கும் குடுத்துடுச்சு. கவலைப்படாதீங்க."

"நெஞ்சை யாராவது அமுக்குறாங்களா?"

"எதுக்கு சார்? அதான் மெஷின் பாத்துக்குதே!"

"அம்மா, அது பொம்மை! அதுல ஒண்ணும் வராது! நெஞ்சு நடுவுல கையை வச்சு அமுக்குங்க! நான் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க!"

ஸ்கூட்டரை முறுக்கினார். மூன்றாவது தெருவில் ஒரு லாரி குறுக்கே நின்று பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது, அடைத்த சுவர் மாதிரி. ஹாரனை அழுத்தினார், திட்டினார், கும்பிட்டார். கடைசியில் வண்டியைக் கீழே போட்டுவிட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். ஐயோ, என் கையாலே கொன்றுவிட்டேனே, என் கையாலேயே கொன்றுவிட்டேனே என்று வாய்விட்டு அரற்றியபடியே ஓடினார்.

காவல்கார அம்மாள் வியர்வை சொட்டச் சொட்ட அமுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பொம்மைப் பட்டைகளைப் பிய்த்தெறிந்து அசலை ஒட்டினார். உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது நாடி திரும்பியிருந்தது.

எல்லாரும் அவரைக் கொண்டாடினார்கள். முதலாளி தோளில் தட்டினார். "நான் வாயைத் திறக்க மாட்டேன் சார்" என்றாள் காவல்கார அம்மாள், தனியாக. ஆனால் சூப்பர்வைசர் கண் திறக்கவில்லை. பேட்டரிக்காரருக்கு அன்ன ஆகாரம் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். சூப்பர்வைசரின் மனைவி ஓடிவந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க வரலைன்னா அன்னிக்கே போயிருப்பார்."

"நான் ஒழுங்கா வேலை பார்த்திருந்தா, இந்நேரம் அவர் உங்க வீட்டுல இருந்திருப்பார்மா."

நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். சீட்டைச் சுரண்டியதைக்கூட விடவில்லை.

"எத்தனை நிமிஷம் வீணாப் போச்சு?"

"எட்டு."

அவள் அவர் கைகளை விட்டாள்.

"ஏன் இன்னும் கண்ணு தெறக்கலைன்னு மூணு நாளா டாக்டரைக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள். "இனிமே கேக்க வேண்டாம்."