நான்கு மடிப்புத் துணி

ஒன்பதாம் மாதம் எடை போட்டபோது, எட்டாம் மாதம் இருந்த அதே ஆறு கிலோ எழுநூறில்தான் என் மகன் இருந்தான். டாக்டரம்மா அந்த எண்ணைச் சீட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

"அடுத்த மாசமும் இப்படியே இருந்தா ரத்தம் எடுத்துப் பார்த்தரலாம்."

கோயம்புத்தூரிலிருந்து சூலூர் திரும்பும் பஸ்ஸில் அவன் மடியில் தூங்கினான். அவன் மேல்கையை என் இரு விரல்களால் வளைத்துப் பார்த்தேன். விரல்நுனிகள் தொட்டுக்கொண்டன. பார்த்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

தொண்ணூறுகளின் நடுவில் டப்பா மாவு எல்லாக் கடையிலும் கிடைத்தது. என் கணவரும் வாங்கி வரட்டுமா என்று இரண்டு முறை கேட்டார். வேண்டாம், வீட்டிலேயே செய்கிறேன் என்று சொன்னவள் நான். பி.எஸ்ஸி. படித்தவள், ஒரு கூழ் காய்ச்சத் தெரியாதா?

ராகியை முதல் நாளே ஊறவைத்து, காலையில் அரைத்து, துணியில் பிழிந்து பால் எடுக்க வேண்டும். அந்தப் பாலைக் கருப்பட்டி சேர்த்துக் கிளறினால் கூழ். ஆறாம் மாதம் ஆரம்பித்த முதல் வாரமே அவனுக்கு வயிற்றுப்போக்கு. "வடிகட்டித்தானே குடுத்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். வடிகட்டியிருந்தேன். ஆனால் வீட்டுக்கு வருவதற்குள், சரியாகத்தான் வடிகட்டினேனா என்ற சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் கணவரின் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துப் பிழிந்தேன். எட்டாம் மாதம் எடை சரியாக ஏறவில்லை. செரிக்கவில்லை போலிருக்கிறது என்று நான்காக மடித்தேன். எவ்வளவு கிளறினாலும் பால் கெட்டியாகவில்லை. லேசாக இருப்பது வயிற்றுக்கு நல்லது என்று நினைத்தேன்.

துணியில் தங்கும் திப்பியை யாரும் வீணாக்குவதில்லை. எங்கள் லைன் வீடுகளில் கழுநீரும் திப்பியும் ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்குப் போகும். பக்கத்து வீட்டில் தறிக்கு நூல் சுற்றும் அக்கா ஒரு கிடாய் வளர்த்தார். பத்து மணிக்கு நான் சுவர்மேல் வைக்கும் கிண்ணத்துக்காக அது முன்கூட்டியே நின்று கத்தும்.

ஒன்பதாம் மாத எடை போட்டு வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டு வியாபாரி ஒருவர் வந்திருந்தார். கிடாயின் இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, பருத்திக்கொட்டை கிருத்திக்கொட்டை போடறீங்களா? இந்தக் கனங் கனக்குது!"

"அதுக்கு நானெங்கீங்க போறது? எல்லாம் பக்கத்து ஊட்டு அம்மணி குடுக்கற ராகித் திப்பிங்க. பையனுக்குப் புழிஞ்சது போக மிச்சம் இவனுக்கு."

வியாபாரி கிடாயை இறக்கிவிட்டுக் கையைத் தட்டினார். "அப்பப் பையன் தண்ணியக் குடிக்கறான், ஆடு ராகியத் திங்குதுன்னு சொல்லுங்க!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சுவருக்கு இந்தப் பக்கம் கிண்ணத்தோடு நின்ற என்னைப் பார்த்து, "சும்மா வெளையாட்டுக்குச் சொல்றாருங் கண்ணு" என்றார். நானும் சிரித்து வைத்தேன். கிண்ணத்தைச் சுவர்மேல் வைக்காமல் உள்ளே எடுத்துப் போனேன்.

சமையல் மேடையில் வைத்துத் திப்பியை விரலால் நசுக்கினேன். பிசுபிசுவென்று வெள்ளையாக ஒட்டியது. கொஞ்சம் தண்ணீர் விட்டுத் திரும்ப அரைத்து, துணியை மடிக்காமல் பிழிந்தேன். அன்று காலை முதல் தடவை எடுத்ததைவிடக் கெட்டியான பால் வந்தது. அடுப்பில் வைத்த சற்று நேரத்தில் கரண்டியை இழுத்துப் பிடித்தது. துணியை மடிக்க ஆரம்பித்ததிலிருந்து அந்தக் கனத்தை என் கை அறிந்ததே இல்லை.

ஊட்டவும் பயமாக இருந்தது. நான்கு கரண்டி கொடுத்துவிட்டு நிறுத்தினேன். அவன் கிண்ணத்தைப் பிடித்து இழுத்தான். மீதியையும் கொடுத்தேன். அன்று முழுவதும் அவன் இடுப்புத் துணியை மாற்றும்போதெல்லாம் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாதது இன்னும் வேதனையாக இருந்தது. அப்படியென்றால் முன்பே கொடுத்திருக்கலாம்.

கணவரிடம், "ராகி கொஞ்சம் கூடப் போடறனுங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா சுவரோரம் கேட்டார். "என்ன அம்மணி, திப்பி ஒரு கையளவுதான் வருது? கெடா கோவிச்சுக்குது."

"பையன் இப்பக் கொஞ்சம் நல்லாச் சாப்படறானுங்க்கா."

அக்கா கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். அன்றைய சிரிப்பு அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சாப்படட்டுங் கண்ணு. கெடாய்க்கு நான் தழை ஒடிச்சுக்கறேன்" என்றார்.

அடுத்த மாதம் தராசு ஏழு கிலோ நூறு காட்டியது. "ரத்தமெல்லாம் எடுக்க வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "என்ன மாத்துனீங்க?"

"துணி மடிப்பைங்க டாக்டர்."

அவருக்குப் புரியவில்லை. "துணியா?" என்றபடியே அடுத்த குழந்தையைக் கூப்பிட மணியை அழுத்தினார். முழுதாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நின்றேன். அதற்குள் இன்னொரு தாய் குழந்தையைத் தராசில் கிடத்தி, முள் நிற்பதை மூச்சு விடாமல் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.