ஏழாவது வியாழனும் பழைய கெர்னலும்

கோரிப்பாளையத்தில் எம்ப்ராய்டரி கடை நடத்தும் ஷாஹீதாவிடம் ஒன்பது வருடமாக நூல் வெட்டுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். அவளும் பத்தைத் தாண்டவில்லை. கணவர் மவுத்தாகிப்போன பிறகு, ஒரு பழைய எம்ப்ராய்டரி மெஷினையும் அதை ஓட்டும் கம்ப்யூட்டரையும் வாங்கிப்போட்டு, லினக்ஸ் என்கிறார்களே, அதைத் தானாகவே படித்துக்கொண்டாள். எது மக்கர் பண்ணினாலும் ஆளைக் கூப்பிட மாட்டாள். துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

அந்த வியாழக்கிழமையைச் சொல்கிறேன், அவள் யாரென்று தெரிந்துவிடும்.

செக்கானூரணிப் பக்கம் விவசாயம் பார்க்கும் முத்திருளன் அண்ணன், மகள் சத்யப்ரியாவுக்குக் காய்ச்சல் தெளிந்ததற்காக நேர்ந்திருந்தார். தொடர்ந்து ஏழு வியாழன் எங்கள் கடைக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் தர்காவுக்கு வரவேண்டும், ஏழாவது வியாழன் பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன்னால் அங்குள்ள அடக்கத்தின் மேல் பச்சைப் போர்வை போர்த்த வேண்டும். தப்பினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். அன்று ஏழாவது. போர்வையில் பிறையும் பூக்கொடியும் போட எங்களிடம்தான் கொடுத்திருந்தார். மனுஷர் மத்தியானமே கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

மூன்றரை மணிக்குப் பிறை முடிந்து ஓரத்துப் பூக்கொடி ஓடிக்கொண்டிருந்தது. பொசுக்கென்று கரண்ட் போனது. ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து கம்ப்யூட்டரும் எழுந்தது. ஆனால் அதற்கு மெஷின் தெரியவில்லை! பக்கத்திலேயே மலை மாதிரி நிற்கிறது, இல்லை இல்லை என்கிறது. வயரைப் பிடுங்கிச் சொருகினோம். ம்ஹூம்.

"கழட்டிக் குடு தாயி, வேற கடையில பாப்போம்" என்றார் அண்ணன்.

"சட்டத்தை விட்டு எடுத்தா கொடி கோணிக்கிரும்ணே. தர்காவுக்குப் போற துணி, அரைகொறையாப் போத்தலாமா? இருங்க."

ஆரப்பாளையத்தில் மொபைல் கடையில் இருக்கும் தம்பி ஷாகிருக்குப் போன் போட்டாள். "காலையில வந்து என்னடா பண்ணுன?"

"புது வைஃபை குச்சி நம்ம கெர்னலுக்குத் தெரியலக்கா. அதான் கெர்னலை மட்டும் புதுசாக்குனேன். நல்லாத்தானே ஓடுச்சு?"

"ஓடுனது பழசுடா! அதுக்கப்புறம் நான் அணைக்கவே இல்லையே. இப்பத்தான் கரண்டு போயி புதுசு ஏறியிருக்கு. மெஷினோட டிரைவர் பழசுக்குன்னு செஞ்சது. இதோட எப்படி ஒட்டும்?"

கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் மேய்க்கிற ஆளாம். டிரைவர் என்பது அதற்கும் மெஷினுக்கும் நடுவில் பேசுகிறவராம். ஆள் மாறினான், அவன் பேச்சு இவருக்குப் புரியவில்லை. எனக்கு விளங்கியது அம்புட்டுத்தான்.

"பழசை அழிச்சுட்டியாடா?"

நான் கத்தரியை வைத்துவிட்டுப் போன் பக்கம் காதைக் கொண்டுபோனேன்.

"ஞாபகம் இல்லக்கா..."

"ஏண்டா, புது மருமக வந்தா மாமியாளத் தெருவுல விட்ருவியா? வை போனை!"

பிஸ்மி சொல்லி கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். ஏறும்போதே ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். நான் தஸ்பீஹ் மணியை உருட்டினேன். அண்ணன் சட்டைப் பையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைத் தொட்டுக்கொண்டார். கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்தது. முதல் வரி புதுசு. இரண்டாவது...

"இருக்கு லாத்தா! பழசு இருக்கு!" என்று என் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

அம்புக்குறியைக் கீழே தள்ளித் தட்டினாள். அரை நிமிடம்தான். அல்ஹம்துலில்லாஹ், மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது! நின்ற தையலிலிருந்தே ஊசி கடகடவென்று இறங்கியது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

கடைசி நூலை நான் வெட்டும்போது ஆறு மணி. அண்ணன் போர்வையைத் தாம்பாளத்தில் வைத்துத் தலையில் ஏந்தினார். ஷாஹீதா முன்னால் ஓடி, கையைத் தூக்கி டவுன் பஸ்ஸையே நிறுத்திவிட்டாள்.

"யக்கா, சாகவா வாரீக?" என்று கத்தினார் டிரைவர்.

"ஏழாவது வியாழண்ணே, பொறுங்க!"

அவர் தர்காப் பக்கம் கையைக் காட்டி வழிவிட்டார். நாங்கள் ஓடியே சாலையைக் கடந்தோம். நானும் அவளும் வாசலோரம் மூச்சிரைக்க நின்றோம். உள்ளே பச்சை விரிந்து படிந்தது தெரிந்தது. அதற்குப் பிறகுதான் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள்.