சுகன்யாவிடம் மறைத்த சேதி

ஆரணியில் எங்கள் தெருவுக்கே சுகன்யாவின் பிடிவாதம் தெரியும். சாயங்காலமானால் இமை தானாகத் தொங்கி, ஒரு இழை இரண்டாகத் தெரிந்த நாட்களில்கூட, இமையைப் பிளாஸ்திரி போட்டுத் தூக்கி நிறுத்திக்கொண்டு தறியில் உட்கார்ந்தவள். கடைசியில் வேலூரில் ஸ்கேன் எடுத்தபோதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்தது. மார்பெலும்புக்குப் பின்னால், தைமஸ் சுரப்பியில் கட்டி; அதனால் வந்த தசைத் தளர்ச்சிதான் இமையைத் தொங்க வைத்திருந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது அவள் வீட்டாரின் கூத்து. கட்டி புற்று வகை, தன்னைச் சுற்றிய உறையைத் தாண்டியிருக்கிறது, கதிர்வீச்சு கொடுத்தாக வேண்டும் என்று டாக்டர் காவ்யா சொன்னதைக் கணவர் கமலக்கண்ணன் அவளிடம் சொல்லவில்லை. தாங்கமாட்டாளாம். மார்பைப் பிளந்து தைத்ததைத் தாங்கியவள் ஒரு சொல்லைத் தாங்கமாட்டாளா? எனக்கு எரிச்சலாக வந்தது. கட்டி போய்விட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று வீடே ஒரே குரலில் சொன்னது. அவளும் நம்பினாள்.

நம்பியதால்தான் வினை. கதிர்வீச்சு என்று சொல்லாமல், "சத்து ஏற கரண்ட் வைக்கணுமாம், வேலூர் போலாம் வா" என்று கமலக்கண்ணன் கூப்பிட்டபோது அவள் அசையவில்லை.

"அதான் சரியாயிடுச்சின்னீங்களே. சத்துக்கு முட்டை துன்னுக்கிறேன். தறியில புதுப் பாவு நூலு ஏத்தியாச்சு, நான் வரல."

டாக்டர் சொன்ன கெடு நெருங்கியது. கமலக்கண்ணன் கெஞ்சிப் பார்த்தார், கத்திப் பார்த்தார். ஒரு மத்தியானம் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

சுகன்யா அழவில்லை. தறியைவிட்டு எழுந்து புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"பயப்பட வேண்டியது நானு. அதையும் நீங்களே பண்ணிகினு இருந்தா நான் இன்னாத்துக்கு? ஜல்தி கெளம்புங்க."

வேலூரில் டாக்டர் பழக்கதோஷத்தில் கமலக்கண்ணனைப் பார்த்தே பேசினார். "செல்லு கண்டபடி பெருகாம நிறுத்த உடம்புலயே சில புரதங்கள் இருக்கு, பிரேக் மாதிரி. அதுல பி27ன்னு ஒண்ணு இவங்க கட்டியில ரொம்பக் கம்மி. அதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. ஆனா கட்டி உறையத் தாண்டியிருக்கு..."

"டாக்டரம்மா, கட்டி என்னுது. என்னைப் பாத்து சொல்லுங்க" என்றாள் சுகன்யா.

டாக்டர் அவள் பக்கம் திரும்பி, முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.

"பிரேக் கம்மின்னா, திரும்ப வருமா?"

"வரலாம். அதைத் தடுக்கத்தான் கதிர்வீச்சு. வரவே வராதுன்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

"எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

திரும்பும் பஸ்ஸில் கமலக்கண்ணன் சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுகன்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆவாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. கூட வாங்க, அது போதும்."